சான்றைத் தொட்டுக் கற்கும் வரலாறு: உயர்நிலை வகுப்புகளில் செய்முறைச் செயல்பாடுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்குக் கிழக்கே உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் 19 ஆண்டுகளாகச் சமூக அறிவியல் நடத்திவருகிறேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளின் வரலாற்றுப் பாடங்களைச் செயல்பாடுகள் வழியாக நடத்துவது பற்றிப் பணியிடைப் பயிற்சிகளிலும், ஆசிரியர் அறையிலும், பெற்றோர் கூட்டங்களிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

வரலாற்றில் செய்முறை என்றால் மாதிரி செய்து கண்காட்சியில் வைப்பதுதானே?

அன்று. தஞ்சைப் பெரிய கோயிலைத் தெர்மாகோலில் செய்துவரச் சொன்னால், மாணவரைவிட அவருடைய அப்பாவும் ஃபேன்சி ஸ்டோர்க்காரருமே அதிகம் உழைக்கிறார்கள். மாணவரே செய்தாலும், பசை காயும்வரை அட்டையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும் என்பதைத் தவிர இராசராசனைப் பற்றி அவர் புதிதாக எதையும் தெரிந்துகொள்வதில்லை.

நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான். செயல்பாடு முடிவதற்குள் மாணவர் ஏதேனும் ஒரு சான்றைக் கையில் எடுத்து, அதைக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவை ஒப்புக்கொள்ளாத இன்னொரு மாணவரிடம் வாதாட வேண்டியிருந்ததா என்று பார்ப்பேன். இருந்திருந்தால் அது வரலாற்றுச் செய்முறை. விடை முன்கூட்டியே ஆசிரியரிடம் இருந்து, மாணவர் அதற்கு வண்ணம் பூசிக்கொடுத்தால் அது கைவேலை. கைவேலை கெட்டதன்று, ஆனால் அதற்குத்தான் ஓவிய ஆசிரியர் இருக்கிறார்.

வகுப்பறைக்குள் அகழாய்வு செய்ய முடியுமா? எப்படித் தொடங்குவது?

முடியும். ஒன்பதாம் வகுப்பில் ஆண்டின் முதல் செயல்பாடாக இதையே வைத்துக்கொள்ளப் பரிந்துரைப்பேன். துணி ஊறவைக்கும் அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, அடியில் கரம்பை மண், அதன்மேல் செம்மண், அதற்கும் மேல் கட்டட வேலையில் மிஞ்சிய எம்-சாண்ட், எல்லாவற்றுக்கும் மேலே பள்ளி வளாகத்து மேல்மண் என நான்கு அடுக்குகளை நன்றாக அழுத்திப் பரப்புங்கள். கீழ் அடுக்கில் உடைந்த மண்பானை ஓடுகளையும் சில சோழிகளையும், நடு அடுக்குகளில் கண்ணாடி வளையல் துண்டுகளையும் செல்லாத 20 பைசா ஒன்றையும், மேல் அடுக்கில் மிட்டாய் உறையையும் புதையுங்கள். மண்பாண்டத் தொழில் நடக்கும் மானாமதுரைப் பக்கம் யாராவது போய்வந்தால் உடைந்த ஓடுகளை ஒரு சாக்கு நிறைய வாங்கிவரச் சொல்லுங்கள். அடுத்த ஐந்தாண்டுகளுக்கு வரும்.

தொட்டியின் மேல் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி நான்கு கட்டங்களாகப் பிரித்துவிட வேண்டும். ஆறு பேர் கொண்ட குழுவில் இருவர் கரண்டியாலும் ஓவியத் தூரிகையாலும் தோண்ட, ஒருவர் அளவுகோலால் ஆழம் பார்க்க, இருவர் வரைய, ஒருவர் மாவு சல்லடையில் மண்ணைச் சலிக்க வேண்டும். விதி ஒன்றே ஒன்று: ஆழத்தை அளந்து, படத்தில் குறிக்கும்வரை எந்தப் பொருளையும் வெளியே எடுக்கக் கூடாது.

இதில் நான் ஒரு சிறு சூது வைப்பதுண்டு. அடுக்குகளைப் பரப்பிய பின்பு ஒரு குழாய்த் துண்டை மேலிருந்து அடிவரை செருகி மண்ணை எடுத்துவிட்டு, அந்தத் துளையின் அடியில் ஒரு பேனா மூடியைப் போட்டு, வேறு மண்ணால் தளர்வாக நிரப்பிவிடுவேன். ஒருமுறை ஒரு பையன் அந்த மூடியைத் தூக்கிப் பிடித்து, "டீச்சர், சோழி காலத்துலயே ரெனால்ட்ஸ் பேனா இருந்திருக்கு" என்று கத்த, வகுப்பே சிரித்தது. வரைந்துகொண்டிருந்த மாணவி மட்டும் சிரிக்கவில்லை. தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்து, "இந்த இடத்துல மட்டும் மண்ணு பொலபொலன்னு இருக்கு, எலி வளை மாதிரி" என்றாள். மண்ணடுக்கு என்றால் என்ன, அது கலைந்தால் என்ன ஆகும் என்று அதற்கு முந்தைய ஆண்டுகளில் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட எல்லாமே அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. ஆனால், மூடியை எடுத்த பையன் ஆழத்தைக் குறித்திருக்கவில்லை. அதனால் அவள் சொன்னதை உறுதிசெய்ய வழியில்லாமல் போயிற்று. அந்தக் குழுவில் அன்று நடந்த சண்டையும் எனக்குப் பயன்பட்டது.

கீழடி பக்கத்தில்தானே இருக்கிறது, நேராக அங்கேயே கூட்டிச் சென்றால் போதாதா?

கட்டாயம் செல்லுங்கள், ஆனால் தொட்டிக்குப் பிறகு செல்லுங்கள். மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்டத்தில் உள்ள கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை 2015இல் அகழாய்வைத் தொடங்கியது. நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை பணியைத் தொடர்ந்தது. அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. முன் ஆயத்தமின்றி உள்ளே போகும் மாணவர்கள் கண்ணாடிப் பெட்டிகளின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். தொட்டியில் மண்ணைச் சலித்தவர்களோ உறைகிணற்றின் முன் நின்று, இது எந்த ஆழத்தில் கிடைத்தது என்று கேட்கிறார்கள்.

போய்வந்த மறுநாள் ஒரு கணக்கு கொடுங்கள். 2019இல் வெளியான அரசுத் தொல்லியல் துறையின் அறிக்கைப்படி, 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிமாதிரி பொ.ஆ.மு. 580ஐயும், 200 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்தது பொ.ஆ.மு. 205ஐயும் காட்டின. 153 சென்டிமீட்டர் மண் சேர 375 ஆண்டுகள் ஆனதென்றால், ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. கணக்கை எல்லாரும் போட்டுவிடுவார்கள். பிறகு, மண் எல்லா ஆண்டும் ஒரே அளவில்தான் சேர்ந்திருக்குமா என்று கேளுங்கள். வைகையில் வெள்ளம் வந்த ஆண்டு, வீடு இடிந்து சுவர் சரிந்த ஆண்டு, ஊரே ஆளில்லாமல் கிடந்த காலம் என்று மாணவர்களே அடுக்கத் தொடங்குவார்கள். தாங்கள் போட்ட கணக்கைத் தாங்களே சந்தேகிக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் இந்தப் பயிற்சியை விடாமல் வைத்திருக்கிறேன்.

எனக்கே தமிழி எழுத்துப் படிக்கத் தெரியாது. கல்வெட்டுச் செயல்பாட்டை எப்படி நடத்துவது?

தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவம்தான் தமிழி. அதன் எழுத்து அட்டவணை ஒன்றைச் சுவரில் ஒட்டிவிட்டு, மாணவர்களோடு சேர்ந்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். ஆசிரியர் தடுமாறுவதைப் பார்ப்பது மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

முதலில் பானை ஓட்டில் ஆணியால் அவரவர் பெயரைக் கீறச் செய்யுங்கள். கீழடி ஓடுகளில் காணப்படும் ஆதன், குவிரன் போன்ற பெயர்களைப் படமாகக் காட்டி, அதே எழுத்துகளில் எழுதச் சொல்லலாம். இன்றைய தமிழெழுத்தின் சுழிகளைச் சுட்ட ஓட்டில் கீற முயல்பவர்களுக்கு ஆணி வழுக்கும். கோடும் கோணமுமாக இருக்கும் தமிழி எழுத்துகள் எளிதில் விழும். எழுதுகருவியும் எழுதுபரப்பும் எழுத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. விரல் கிழியாமல் இருக்க ஓட்டின் விளிம்பை முன்கூட்டியே தரையில் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

இரண்டாவதாகச் செய்வது எனக்கு மிகப் பிடித்தது. தொடக்ககாலத் தமிழிக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. ஆகவே மாணவர்களை இன்றைய எழுத்திலேயே, புள்ளி இல்லாமல் ஒரு வரி எழுதி அடுத்தவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். "அவன பல தநதான" என்று ஒருவன் எழுதிக் கொடுத்தான். வாங்கியவன் "அவன் பல் தந்தான்" என்று படித்துவிட்டு, யாருக்குப் பல் கொடுத்தான் என்று கேட்டான். எழுதியவன் நினைத்ததோ "பல" என்று. இதன் பிறகு மதுரைக்கு அருகே உள்ள மாங்குளம் குன்றின் தமிழிக் கல்வெட்டின் படத்தைக் கொடுத்தால், அறிஞர்கள் ஒரே சொல்லை ஏன் வெவ்வேறு விதமாகப் படிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நெடுஞ்செழியன் பெயரும், வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவான நிகமத்தாரும் அந்தக் குன்றில் பதிவாகியிருக்கிறார்கள் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். மேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளாக இருந்தால், பக்கத்தில் உள்ள வெள்ளரிப்பட்டியின் பெயரை அவர்களே வெள்ளறையோடு சேர்த்துப் பார்ப்பார்கள். ஒலி ஒத்திருப்பது சான்றாகுமா என்ற கேள்வியை அப்போது எழுப்பலாம்.

வகுப்பில் நாடகம் போடலாமா? எதை வைத்துப் போடுவது?

மன்னர் வேடமும் அட்டை வாளும் வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு வழக்கை நடத்துங்கள். நம் பகுதிக்கென்றே ஆயத்தமாக ஒரு வழக்கு வேள்விக்குடிச் செப்பேட்டில் இருக்கிறது.

செப்பேடு சொல்லும் செய்தி இது. பாகனூர்க் கூற்றம் என்ற அன்றைய நிலப்பிரிவில் உள்ள ஓர் ஊரைப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்ற பாண்டிய மன்னன், வேள்வி செய்த கொற்கைக் கிழான் நற்கொற்றனுக்குக் கொடையாகக் கொடுத்தான். அதனால் அவ்வூர் வேள்விக்குடி எனப் பெயர் பெற்றது. பிறகு களப்பிரர் நாட்டைக் கைப்பற்றியபோது அந்தக் கொடை பறிபோயிற்று. பல தலைமுறைகள் கழித்து, எட்டாம் நூற்றாண்டில், பராந்தக நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டில், காமக்காணி நற்சிங்கன் என்பவர் மன்னன் முன் நின்று முறையிட்டார். மன்னன் உடனே தூக்கிக் கொடுத்துவிடவில்லை. அந்த உரிமை பழமையானது என்பதை அந்தப் பகுதியைச் சேர்ந்த நாட்டாரைக் கொண்டு மெய்ப்பித்துப் பெற்றுக்கொள்ளும்படி சொன்னான். அவர் மெய்ப்பித்தார், ஊர் திரும்பக் கிடைத்தது.

வகுப்பை நான்காகப் பிரிக்கிறேன்: முறையிடுபவர் தரப்பு, சாட்சி சொல்லும் நாட்டார், மன்னனும் அதிகாரிகளும், இப்போது அந்த நிலத்தை அனுபவித்துவருபவர்கள். முதல் மூன்று குழுக்களுக்கும் செப்பேட்டின் சுருக்கத்தைக் கொடுத்துவிட்டு, நான்காவது குழுவுக்கு வெறும் தாளைக் கொடுக்கிறேன். "எங்களுக்கு மட்டும் ஏன் ஒன்றுமில்லை?" என்று அவர்கள் கேட்பார்கள். செப்பேட்டில் அவர்களுடைய பேச்சு ஒரு சொல்லும் இல்லை என்பதே விடை. வென்ற தரப்பின் ஆவணம் மட்டுமே மிஞ்சினால் வழக்கு எப்படித் தோன்றும் என்பதை அந்த வெறும் தாள் காட்டிவிடுகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான்காவது குழுவிலிருந்த ஒரு மாணவி எழுந்து, "அரசர் கொடுத்தாரு, களப்பிரர் எடுத்தாங்க, திரும்ப அரசரே கொடுத்தாரு. அத்தனை வருஷமா அந்த வயல்ல உழுதது யாருன்னு இதுல போட்டிருக்கா?" என்று கேட்டாள். போடப்படவில்லை. மன்னனாக அமர்ந்திருந்த பையன் பதில் சொல்லத் தெரியாமல் என்னைப் பார்த்தான். நான் சன்னலைப் பார்த்தேன். மணி அடித்தது. மறுநாள் அந்த வினாவிலிருந்துதான் களப்பிரர் காலத்தை "இருண்ட காலம்" என்று அழைக்கும் வழக்கத்தைப் பற்றிய பாடத்தைத் தொடங்கினேன்.

வழக்குக்கு இரண்டு பாடவேளைகள் வேண்டும். ஒன்றில் முடிக்க முயன்றால் சாட்சிகள் ஒப்பிப்பார்களே தவிர வாதாட மாட்டார்கள்.

பேருந்து ஏற்பாடு, அனுமதி எதுவுமின்றி நகருக்குள்ளேயே செய்யக்கூடியது உண்டா?

தெருப்பெயர்கள் உண்டு. மதுரையில் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக அமைந்த வீதிகளையும், எல்லாவற்றுக்கும் வெளியே உள்ள வெளி வீதிகளையும் மாணவர்கள் நாள்தோறும் கடந்துபோகிறார்கள். நகர வரைபடத்தின்மேல் எண்ணெய்த்தாளை வைத்து இந்த வீதிகளை மட்டும் வரையச் சொல்லுங்கள். பிறகு கீழவாசல், தெற்குவாசல், மேலவாசல் ஆகியவற்றைக் குறிக்கச் சொல்லி, வாசல் என்று பெயர் இருக்கிறதே, கதவு எங்கே என்று கேளுங்கள். 1840களில் மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்னின் முயற்சியில் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது; அந்தப் பணியில் ஈடுபட்டவர்களின் பெயர்களே மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என நிலைத்தன; பிளாக்பர்னின் நினைவுக்கு எழுப்பப்பட்டதுதான் விளக்குத்தூண். இந்தச் செய்திகளை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். வாசல்களின் பெயர்களை இணைத்து மதில் ஓடிய கோட்டை அவர்களே வரைந்து முடிக்கட்டும்.

விளக்குத்தூணுக்கு அருகே பத்துத்தூண் சந்தில் நிற்கும் தூண்கள் திருமலை நாயக்கரின் அரண்மனையைச் சேர்ந்தவை. ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க எத்தனை மாணவர்கள் கைகோக்க வேண்டும் என்று பார்த்துவிட்டு, அங்கிருந்து இன்றைய மகால் வரை அடியெண்ணி நடக்கச் செய்யுங்கள். இன்று நாம் சீட்டு வாங்கிப் பார்ப்பது 1636இல் கட்டப்பட்ட அரண்மனையின் ஒரு பகுதி மட்டுமே என்பதைக் கால்களே சொல்லிவிடும். கடைக்காரர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

தீண்டாமை, கைரேகைச் சட்டம் போன்றவற்றை நடித்துக் காட்டச் சொல்லலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஒரு வகுப்பில் யாரை ஒடுக்கப்பட்டவராக நிற்கவைத்தாலும், யாரை ஒடுக்குபவராக நிற்கவைத்தாலும், அந்தப் பாத்திரம் வகுப்போடு முடிவதில்லை. சைக்கிள் நிறுத்துமிடம் வரை, சில நேரங்களில் ஊர் வரை கூடவே போகிறது. பணியில் சேர்ந்த தொடக்கத்தில் நானே இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். ஒரு பையன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் அவன் அம்மா வந்து என்னிடம் ஒன்றும் சொல்லாமல் நின்றார். அதற்குமேல் விவரம் வேண்டியதில்லை.

அதற்காக அந்தப் பாடங்களை வேகமாகக் கடந்துவிடவும் கூடாது. ஆவணங்களைக் கையில் கொடுங்கள். மீனாட்சியம்மன் கோயில் நுழைவுக்கு நான் அட்டைகளைப் பயன்படுத்துகிறேன். 1939 சூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை உள்ளே அனுமதிக்கப்படாத ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டோர் கோயிலுக்குள் நுழைந்தது ஓர் அட்டை. கோயில் நுழைவை அனுமதித்து அதில் ஈடுபட்டவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்த அவசரச் சட்டம் ஓர் அட்டை. அதே ஆண்டில் சென்னை மாகாணச் சட்டமன்றம் இயற்றிய சட்டம் ஓர் அட்டை. தேதிகளை மறைத்துவிட்டு வரிசைப்படுத்தச் சொன்னால், ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் சட்டத்தை முதலிலும் நுழைவைக் கடைசியிலும் வைக்கின்றன. தேதிகளைத் திறந்து காட்டும்போது அறை அமைதியாகிவிடும். நுழைந்தவர்கள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் படியேறினார்கள் என்பதை உணர எந்த வேடமும் தேவைப்படவில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளிகளில் பெருங்காமநல்லூரைத் தவிர்க்க முடியாது. சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதிய குற்றப் பரம்பரையினர் சட்டத்தின்கீழ்க் கைரேகை பதிய மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்திய ஊர் அது. அங்குள்ள மாணவர்களில் பலருக்கு இது பாடமன்று, குடும்பக் கதை. வீட்டில் கேட்ட கதையை ஒரு பக்கமும், பாடநூலில் உள்ள செய்தியை மறுபக்கமும் எழுதி, எது எங்கே ஒத்துப்போகிறது, எது ஒன்றில் மட்டும் இருக்கிறது என்று கோடிட்டுக் காட்டச் சொல்லலாம். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

முல்லைப் பெரியாற்றைச் செயல்பாடாக்க முடியுமா? வகுப்பில் அரசியல் பேச்சாகிவிடுகிறதே?

தட்டில் களிமண்ணைக் குவித்து ஒரு மலைத்தொடர் செய்யுங்கள். ஒரு பக்கத்துப் பள்ளத்தாக்கில் தண்ணீர் ஊற்றினால் அது அந்தப் பக்கமே ஓடிப்போகும். இப்போது மலையின் குறுக்கே ஒரு ஸ்ட்ராவைச் செருகி, பள்ளத்தாக்கை அடைத்து அணை கட்டச் சொல்லுங்கள். நீர் ஸ்ட்ராவின் வாய் மட்டம்வரை உயர்ந்ததும் மறுபக்கம் வழியத் தொடங்கும். மேற்கே ஓடும் பெரியாற்றின் நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே வைகைக்குத் திருப்பியதன் சூட்சுமம் இவ்வளவுதான். 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சம், 1886இல் திருவிதாங்கூரோடு 8,000 ஏக்கருக்கு 999 ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட குத்தகை, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய், 1895இல் அணை திறப்பு ஆகியவற்றைத் தட்டு காய்வதற்குள் கூறிவிடலாம். தண்ணீர் ஏன் வேண்டியிருந்தது, யாரிடம் கேட்க வேண்டியிருந்தது, எதைக் கொடுத்துப் பெற்றார்கள் என்ற வரிசையில் பேசினால் கூச்சல் எழுவதில்லை.

பொருட்செலவே இல்லாத செயல்பாடு எது?

வீட்டுப் பரணில் கிடக்கும் பொருள். உழக்கு, படி, ஓட்டைக் காலணா, பழைய குடும்ப அட்டை, பத்திரம் என எதுவானாலும் சரி. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 பைசா என்று இருந்ததை 1957இல் நூறு நயா பைசாவாக மாற்றியபோது சந்தையில் என்ன குழப்பம் நேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்திரத்தின் அசலைக் கொண்டுவர வேண்டாம், கைப்பேசியில் படமெடுத்துவந்தால் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு இருக்கிறது. பாடத்தை முடிக்கவே நேரமில்லை. இதற்கு எங்கே போவது?

வாரந்தோறும் செயல்பாடு நடத்துகிறேன் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஆண்டுக்கு நான்கு, பத்தாம் வகுப்பில் இரண்டு போதும். அந்த இரண்டையும் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அரையாண்டுக்குப் பிறகு எந்தத் தலைமை ஆசிரியரும் களிமண்ணை அனுமதிக்க மாட்டார். அதில் அவரைக் குறைசொல்லவும் முடியாது.

தேர்வுக்குப் பயன் இல்லாமலும் இல்லை. காலக்கோடு வினாவில் மாணவர்கள் மதிப்பெண் இழப்பதற்குக் காரணம் ஆண்டுகளை மறப்பது மட்டுமன்று. எது எதற்குக் காரணமாயிற்று என்ற தொடர்பு பிடிபடாததே. அட்டைகளை வரிசைப்படுத்தி வாதாடியவர்களுக்கு அந்தத் தொடர்பு கையில் நிற்கிறது. ஆயினும், செயல்பாட்டால் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு விடை தானாக வந்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அதற்குப் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஐம்பது பேர் உள்ள வகுப்பில் சத்தத்தை எப்படிச் சமாளிப்பது?

ஒரே நேரத்தில் எல்லாரையும் தோண்டவிட வேண்டாம். பாதி வகுப்பு தொட்டியில், மறுபாதி நிலவரைபடத்தில். அடுத்த பாடவேளையில் இடம் மாறட்டும். பக்கத்து வகுப்பில் கணக்குத் தேர்வு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் ஆசிரியர் அறையில் நட்பு நீடிக்கும்.

செயல்பாட்டுக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

அழகுக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு மாணவரும் அரைப்பக்கத் தாளை மூன்று பத்திகளாகப் பிரித்து, நான் கண்டது, அதிலிருந்து நான் ஊகித்தது, இன்னும் எனக்குத் தெரியாதது என்று எழுதித்தரச் சொல்லுங்கள். முதல் பத்தியில் இருக்க வேண்டியதை இரண்டாவதில் எழுதியிருந்தாலோ, ஊகத்தைக் கண்டதாக எழுதியிருந்தாலோ அங்கேதான் பாடம் தேவைப்படுகிறது. மூன்றாவது பத்தியை வெறுமையாக விட்டவர்களுக்கு நான் முழு மதிப்பெண் தருவதில்லை. எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைப்பவர்களே அதை வெறுமையாக விடுகிறார்கள்.

சமணர் மலை, யானைமலை போன்ற இடங்களுக்குச் செல்லும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

தலைமை ஆசிரியரின் அனுமதியும், ஒவ்வொரு பெற்றோரின் கையொப்பமிட்ட ஒப்புதலும், மாணவியர் இருந்தால் உடன்வர ஓர் ஆசிரியையும் இன்றிப் புறப்படாதீர்கள். சமணர் மலை இருக்கும் கீழக்குயில்குடியில் பாறைப்படிகள் பத்து மணிக்கெல்லாம் சுடத் தொடங்கிவிடும். ஆகையால் காலையிலேயே மலைமேல் சமணச் சிற்பங்கள் உள்ள பேச்சிப்பள்ளத்தை அடைந்துவிட வேண்டும். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று வட்டெழுத்து என்னும் பழைய தமிழெழுத்துகளின்மேல் சுண்ணக்கட்டி தேய்ப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அதைச் செய்யவே கூடாது. மாலை வெயில் சாய்வாக விழும்போதும், பக்கவாட்டில் கைவிளக்கைப் பிடிக்கும்போதும் எழுத்து தானே எழுந்து தெரியும்.

போன இடத்தில் செய்வதற்கு ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள். பத்து வினாக்கள் அடங்கிய தாளைக் கொடுத்தால் தாளைத்தான் பார்ப்பார்கள், பாறையைப் பார்க்க மாட்டார்கள். யானைமலையில் நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கல்வெட்டு 770ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாண்டியனின் அமைச்சர் மாறன்காரி தொடங்கிய பணியை, அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முடித்தார் என்று அது கூறுகிறது. அதே மலையில் சற்றுத் தொலைவில் சமணத் திருவுருவங்களும் அச்சணந்தி என்னும் துறவியின் பெயரும் உள்ளன. ஒரே மலையை இரண்டு சமயத்தாரும் எப்படிப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதை வரைபடமாக வரைந்துவந்தால் அன்றைய வேலை முடிந்தது. பிறகு வகுப்பறையில், அழகர்மலை, கருங்காலக்குடி என அச்சணந்தியின் பெயர் காணப்படும் மற்ற இடங்களையும் ஊசிகுத்திக் குறிக்கலாம்.

"படிக்க அனுப்பினால் மண்ணில் விளையாட விடுகிறீர்களே" என்று பெற்றோர் கேட்டால்?

அடுத்த வழக்குமன்றத்துக்கு அவர்களை அழைத்து நாட்டார் வரிசையில் உட்காரவையுங்கள். நிலத்தகராறு பார்த்த பெரியவர்கள் எந்தப் பாடநூலும் கேட்காத குறுக்குக் கேள்விகளைக் கேட்பார்கள். வர இயலாதவர்களுக்குக் குழந்தையின் மூன்று பத்தித் தாளை அனுப்பிவையுங்கள்.

தொட்டியில் தோண்டிப் பழகிய மாணவர் தன் வயலில் கிடைத்த பானை ஓட்டைக் கொண்டுவந்துவிட்டார். என்ன செய்வது?

இது நடக்கும், ஆண்டுக்கு ஒருமுறையாவது எனக்கு நடக்கிறது. முதலில் திட்டாதீர்கள். எங்கே, எவ்வளவு ஆழத்தில், உழும்போதா கிணறு வெட்டும்போதா, பக்கத்தில் வேறென்ன இருந்தது என்று அவரை அப்போதே ஒரு தாளில் எழுதச் சொல்லி, ஓட்டோடு சேர்த்து ஒரு பையில் போட்டுவையுங்கள். மேற்கொண்டு தோண்டக் கூடாது என்பதை அவருக்கும் வீட்டாருக்கும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஓடு பலவாக இருந்தாலோ, தாழி, எழுத்து, நாணயம், உலோகம் எதுவாக இருந்தாலோ கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்கும், தொல்லியல் துறைக்கும் தகவல் கொடுங்கள். மண்ணுக்குள் மறைந்துகிடந்து வெளிப்படும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. அந்தப் பத்து ரூபாய் இன்றும் பத்து ரூபாயாகவே இருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு மாணவன் கொண்டுவந்த ஓட்டோடு இருந்த தாளில், "வடக்கு வரப்பு, புங்க மரத்துக்கு நாலு அடி தள்ளி, ஒன்றரை முழம் ஆழம், மண்ணு கறுப்பு, வேற எதையும் எடுக்கல" என்று இருந்தது. ஓடு அண்மைக்காலத்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. தாளுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.